ஏரிக்கரையில் ஒரு கிலுகிலுப்பை

 

தாம்பரம் என்று சொன்னவுடன் உங்கள் நினைவுக்கு வருவது எது? பெரும்பாலோருக்கு மின்சார ரயில் வரும். 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை அந்த ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல், தென் மாவட்டத்து மக்களுக்குச் சென்னையின் தலைவாசல் இவ்வூரே. கல்வியில் நாட்டமுடையோருக்கு, 1937இல் நகரை விட்டு இங்கே குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியும் அதன் மரச்செறிவும் நினைவுக்கு வரும். இவ்வூரில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவரும் எனக்கோ முதலில் நினைவுக்கு வருபவை ஏரிகள்.

சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், முடிச்சூர் என்று பேருந்து நடத்துநர் ஊர்ப் பெயர்களை அடுக்கும்போது, அவர் அறியாமலே ஏரிகளின் பெயர்களையும் அடுக்கிக்கொண்டு போகிறார். முன்னோர் வயலுக்காகக் கட்டிய அவ்வேரிகளின் கீழ் இன்று வயல் இல்லை, வீடுகள் இருக்கின்றன. ஆயினும் கரைகள் நிற்கின்றன. அக்கரைகளில் விடியற்காலையில் தூண்டிலோடு குந்தியிருக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கரைகளுக்கு உங்களை இம்மாதம் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போவோம். தூண்டிலில் கிலுகிலுப்பை கட்டினால் மீன் கூடுதலாக வருமா? சிரிக்காதீர்கள். இக்கேள்வி எங்கள் வீட்டில் ஏறத்தாழ மூன்று மாதம் குடியிருந்தது. அதன் விடையில் சில உயிர்களின் வாழ்வும், ஓர் இளைஞனின் மனமும் அடங்கியிருந்தன.

ஈரத்துணிப் பை

என் தமக்கையின் மகன் எங்கள் தெருவிலேயே வசிக்கிறான். படிப்பை முடித்து வேலைக்குச் செல்பவன். விடுமுறை நாளில் தூண்டில் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவது அவனுக்கு வழக்கம். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. நீர்வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்ட ஒன்று. கைப்பேசியில் விழுந்து கிடப்பதைவிடக் கரையில் உட்கார்ந்திருப்பது மேல் என்றே எண்ணியிருந்தேன்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகையில், அவன் வண்டியில் ஓர் ஈரத்துணிப் பை தொங்குவதைக் கண்டேன். பை அசைந்தது. திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே நான்கைந்து சிறு தவளைகள்.

“விராலுக்கு மாமு. உயிரோட முள்ளுல கோத்துப் போட்டாத்தான் நீந்தும். அந்தச் சத்தத்துக்குத்தான் விரால் வரும்” என்றான், ஒளிவு மறைவின்றி.

வாசகர்களே, விரால் பிடிக்க உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பது நம் நாட்டில் பரவலான பழக்கம். முதுகுத் தோலிலோ தொடையிலோ முள்ளை ஏற்றி நீர்ப்பரப்பில் விடுவார்கள். அது உயிருக்குத் தவித்துக் காலை உதைக்கும். அந்தத் தவிப்புதான் இரை.

மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்துவது பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது, அதனைக் கொல்ல வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளதை நாம் அறிவோம். நோய் தீர்க்கும் மருந்துக்கே தடை என்றால், பொழுதுபோக்குக்கு எப்படி இடமிருக்கும்? இதை அவனுக்கு மெதுவாகச் சொன்னேன். மார்க்கச் செய்தியோடு உலகச் செய்தி ஒன்றையும் சேர்த்தேன். ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக் கால்கள் பெருமளவில் ஏற்றுமதியாயின. வயலில் பூச்சி தின்னும் உயிரை இழந்துவிடுவோம் என்ற அச்சம் எழுந்தபின், 1987இல் அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. கொசுவுக்கு நடுவே குடியிருக்கும் தாம்பரத்து மக்களாகிய நமக்குத் தவளையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டான். பின்பு, “ரப்பர் தவளை இருக்கு மாமு. ஆனா அது ஊமை. ஊமைத் தவளைக்கு விரால் ஏமாறாது” என்றான். சற்று யோசித்து, “உள்ளே கிலுகிலுப்பை வெச்ச ரப்பர் தவளையும் வந்திருக்கு. அது மெய்யாவே பலிச்சா, உயிர்த் தவளையை விட்டுடறேன்” என்றும் சொன்னான்.

அன்றே ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். தவளைகள் நான்கையும் ஐந்தாவதையும் ஏரி ஓரத்துக் கோரையில் அவன் கையாலேயே விட்டான். கிலுகிலுப்பையைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மீனுக்குக் காது உண்டா?

இந்தக் கிலுகிலுப்பைப் பழக்கம் மேலை நாட்டிலிருந்து வந்தது. அமெரிக்க நாட்டில் ‘பாஸ்’ என்னும் மீனைப் பிடிப்போர், ஈயத்தலை வார்த்த தூண்டில் முள்ளுக்கு ரப்பர்க் குஞ்சம் கட்டி, அதனை ‘ஜிக்’ என்று அழைக்கிறார்கள். அதில் சிறு மணிகள் அடைத்த ஒரு குழலையும் மாட்டுவதுண்டு. நீரினுள் இழுக்கும்போது அது கலகலக்கும். அதனால் பயன் உண்டென்று ஒரு சாராரும், கடைக்காரனுக்குத்தான் பயன் என்று மறுசாராரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். அந்த ஜிக்கின் தம்பிதான் நம் கடைகளுக்கு வந்திருக்கும் ரப்பர்த் தவளை.

நான் கலைப் பாடம் பயின்றவன். விலங்கியல் பயின்றவன் அல்லன். ஆயினும் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டபின் ஏடுகளைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மீனுக்கு வெளிக்காது இல்லை, உட்காது உண்டு. கத்தாழை மீனின் தலையை உண்ணும்போது பல்லில் அகப்படும் வெண்ணிறக் கல்லை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள். அது மீனின் காதுக்கல். ஒலியலை வரும்போது மீனின் உடல் நீரோடு சேர்ந்து அசையும். கனமான அந்தக் கல் சற்றுப் பிந்தி அசையும். அந்த வேறுபாட்டையே மீன் ஒலியாக உணர்கிறது. இது போக, மீனின் இரு விலாவிலும் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் கோடு அன்று. அருகிலுள்ள நீரின் சிறு அசைவையும் தொட்டுணரும் உறுப்பு அது. இருளிலும் கலங்கலிலும் மீனுக்கு அதுவே கைத்தடி.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நீரிலோ சுமார் 1,500 மீட்டர். ஆனால் காற்றில் எழும் ஒலி நீருக்குள் நுழைவது அரிது. நீரின் மேற்பரப்பு அதனைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. எனவே கரையில் நாம் பேசும் பேச்சு மீனுக்கு அவ்வளவாக எட்டாது. தரையைக் காலால் உதைத்து நடந்தாலோ அந்த அதிர்வு மண் வழியே நேராக நீருக்குள் இறங்கிவிடும். தூண்டிற்காரர்கள் பூனைபோல் நடப்பதன் காரணம் இதுவே.

மீன் ஒலிக்குப் பழகும் என்பதை உலகறியச் செய்தவர் ஜெர்மன் மொழி பேசும் நாட்டவரான கார்ல் வான் ஃபிரிஷ். தேனீக்களின் ஆட்டத்தை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. பார்வையற்ற கெளுத்தி இன மீன் ஒன்றை வளர்த்து, இரை கொடுக்கும்போதெல்லாம் சீழ்க்கை அடித்தார். சில நாட்களில் இரை இல்லாமலே, சீழ்க்கை கேட்டதும் அம்மீன் தன் ஒளிவிடத்தை விட்டு வெளியே வந்தது. 1923இல் அவர் இதனை வெளியிட்டார். மத்ரஸா மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகளை நாள்தோறும் காணும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை, மகிழ்ச்சியளித்தது.

பசிபிக் பெருங்கடலில் பப்புவா நியூ கினி நாட்டின் நியூ அயர்லாந்துத் தீவிலோ, மீனவர்கள் தேங்காய்ச் சிரட்டைகளைக் கோத்து நீரில் குலுக்கிச் சுறாவை அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் கிலுகிலுப்பை அது. அடிபட்ட மீன் துடிக்கும்போது எழும் கனத்த, விட்டுவிட்டு வரும் ஓசையைப் போன்ற ஒலிக்குச் சுறா வருகிறது என்பதை 1960களில் ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் நம் கிலுகிலுப்பையும் பலிக்க வேண்டுமல்லவா? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மீன்கள் எல்லாமும் எல்லா ஒலியையும் கேட்பதில்லை. கெண்டை, கெளுத்தி இனங்களுக்குக் காற்றுப்பைக்கும் காதுக்கும் நடுவே சிற்றெலும்புச் சங்கிலி ஒன்று உண்டு. அதனால் அவற்றுக்குக் கூர்மையான, கீச்சென்ற ஒலியும் ஓரளவு எட்டும். விராலுக்கும் கொடுவாவுக்கும் அச்சங்கிலி இல்லை. இவ்வகை மீன்களுக்குப் பெரும்பாலும் கனத்த ஒலியே கேட்கும். சிறு மணிகள் பல அடைத்த கிலுகிலுப்பையின் ஒலியோ பெரும்பகுதி கீச்சொலி. நம் காதுக்கு அது இனிமையாகக் கலகலக்கிறது. கடையில் குலுக்கிப் பார்த்து வாங்குகிறோம். கேட்க வேண்டிய மீனுக்கு அதில் ஒரு சிறு பங்கே எட்டுகிறது. ஒரே ஒரு பெரிய குண்டு அடைத்ததாயின் ‘டொக் டொக்’ என்று கனத்து ஒலிக்கும். வாங்குவோர் அறிய வேண்டிய வேறுபாடு இது.

முடிச்சூருக்கு அப்பால்

முடிச்சூர் என்றதும் 2015 டிசம்பர் வெள்ளம் உங்கள் நினைவுக்கு வரும். அம்மாதம் 2ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் படகு விட வேண்டியதாயிற்று. ஏரிகளையும் கால்வாய்களையும் நாம் மறந்தாலும் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்பதை அன்று கண்டோம்.

அந்தப் பக்கத்தில், ஊருக்குச் சற்று வெளியே, குத்தகைதாரர் இசைவு தந்த ஓர் ஏரியில் எங்கள் சோதனை தொடங்கியது. அனுமதி கேட்காமல் எந்த நீர்நிலையிலும் தூண்டில் போடுவது முறையன்று. மீன்குஞ்சு விட்டவர் ஒருவர் இருப்பார். அது அவர் பொருள்.

இரண்டு ரப்பர்த் தவளைகள். நிறத்திலும் அளவிலும் ஒன்றுபோல் இருந்தவை. ஒன்றில் கிலுகிலுப்பை, மற்றதில் இல்லை. அவன் பத்து முறை இதை வீசுவான். பின் பத்து முறை அதை. நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒரு மௌலவி ஏரிக்கரையில் நோட்டும் பேனாவுமாக நிற்பதைப் பார்த்து, மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர், “என்ன பாய், ஏரியை அளக்குறீங்களா?” என்று கேட்டார். மீனுக்குத் தேர்வு வைப்பதாகச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார்.

செப்டம்பரில் நீர் தெளிந்திருந்தது. அடியிலிருந்த பாசி தெரிந்தது. அந்த வாரங்களில் இரு தவளைகளுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஒருநாள் ஊமைத் தவளைக்கு விரால் வந்தது. மறுவாரம் மற்றதற்கு வந்தது. பல நாள் எதற்கும் வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாயிற்று. விரால் வந்தபோதெல்லாம், தவளை நீரில் விழுந்த ‘சளக்’ என்ற ஓசைக்கும் அது நெளிந்து வந்த அலைக்குமே வந்தது. உயிர்த் தவளையிடம் இருந்ததும் அதுதான். அது மணி அடித்ததில்லையே! காலை உதைத்தது, நீர் அசைந்தது. அவ்வளவே. நீரை அசைக்கும்படி இழுக்கத் தெரிந்தால் ரப்பரும் தவளையாகிவிடும்.

“அப்ப இத்தனை நாளும் அதுகளைச் சும்மா கோத்தேனா மாமு?” என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை.

நீர் போகும் வழியே

அக்டோபரில் ஒரு ஞாயிறன்று, கொடுவா மீனிடமும் இக்கேள்வியைக் கேட்டுவிடலாம் என்று முட்டுக்காட்டுக்குப் புறப்பட்டோம். அமெரிக்கர் பாஸ் என்று சொல்லும் மீன் நம் நீரில் இல்லை. ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்று வழங்கும் கொடுவாவே நமக்கு அதற்கு ஈடு.

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று செல்லும்போது அவனுக்கு நீரின் வழியைச் சொல்லிக்கொண்டே போனேன். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம். பின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதிலிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய். கடைசியில் கோவளம் கழிமுகம், கடல். நம் வீட்டுக் கூரையில் விழுந்த மழைத்துளி இத்தனை ஊரையும் தொட்டுவிட்டே கடலைச் சேர்கிறது. நம் வீட்டுச் சாக்கடையும் அவ்வழியேதான் போகிறது என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு உறுத்துகிறது.

பள்ளிக்கரணையில் வண்டியை நிறுத்திப் பறவைகளைப் பார்த்தோம். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற 1,248 ஹெக்டேர் பரப்பு அது. வனத்துறையின் காப்பில் உள்ள அவ்விடத்தில் தூண்டிலுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அங்கிருந்து பழைய மாமல்லபுரம் சாலையைப் பிடித்துக் கேளம்பாக்கம் சென்று, உப்பளங்களையும் காயலையும் கடந்து கோவளம் சேர்ந்தோம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவினால் அவ்வூர் உங்களில் பலருக்குப் பழக்கமானதே. லுஹர் தொழுதுவிட்டுக் கழிமுகத்துக்கு நடந்தோம்.

கொடுவா விந்தையான மீன். ஆறு, காயல் நீரில் வளரும். இனம் பெருக்கக் கழிமுகத்தையும் கடலையும் நாடும். இளமையில் ஆணாக இருந்து, பெருத்தபின் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிய கொடுவாவைப் பிடித்துக் கொல்வது முட்டையிடும் தாயைக் கொல்வதாகும். இம்மீனைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை, சென்னையில் அமைந்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் நம் நாட்டில் வெற்றிகரமாகச் செய்து காட்டியது. அதன் ஆய்வு நிலையம் இருப்பதும் இந்த முட்டுக்காட்டில்தான்.

கைநரம்பு வீசிக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவரிடம் கிலுகிலுப்பையைக் காட்டினோம். காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “சத்தம் போட்டா மடவை ஓடும் தம்பி. நாங்க தண்ணியைத் தட்டுறது மீனை வலைக்கு விரட்ட, கூப்பிட இல்லை. கொடுவா நீரோட்டத்துக்குத்தான் வரும். வத்தம் இறங்குறப்போ மடவைக் குஞ்சு வாயோரம் வரும். அங்கே அது காத்திருக்கும். நேரம் தெரிஞ்சாப் போதும், கிலுக்கு வேணாம்” என்றார்.

ஐம்பது ஆண்டு அனுபவத்தை ஆறு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். ஏட்டில் நான் படித்ததும் அதற்கு மாறானது அன்று. ஒரே ஒலி ஒரு மீனை அழைக்கும், மற்றொன்றை விரட்டும். கெளுத்தி சீழ்க்கைக்கு வந்தது, சீழ்க்கைக்குப் பின் இரை கிடைத்ததால். ஒலிக்குப் பின் முள் கிடைத்தால்? எல்லாரும் கிலுகிலுப்பை வீசும் நீரில், அதிலிருந்து தப்பிய மீன் நாளடைவில் அவ்வொலியைக் கேட்டு விலகக் கற்றுக்கொள்ளும். அன்று எங்களுக்குக் கொடுவா கிடைக்கவில்லை. அஸர் வேளைக்கு வெறுங்கையோடு திரும்பினோம். ஆயினும் அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை.

மழைக்குப் பின்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. ஏரிக்குச் செம்மண் நீர் வந்து சேர்ந்தது. தேநீர் நிறத்தில் கலங்கிய அந்நீரில், ஒரு சாண் ஆழத்தில் கை தெரியவில்லை. அந்த வாரங்களில்தான் முதன்முறையாகக் கிலுகிலுப்பை சற்று முந்தியது. முந்தியது என்றாலும் ஒன்றிரண்டு மீன்களுக்கு மேல் வேறுபாடு இல்லை. என் நோட்டுக் கணக்கை வைத்து உலகத்துக்குச் சட்டம் சொல்ல முடியாது என்பதை நான் அறிவேன். கண் பயன்படாத இடத்தில் காதும் விலாக்கோடும் கூடுதலாக வேலை செய்யும் என்பது அறிவுக்குப் பொருந்துகிறது. அவ்வளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

நவம்பர் நடுவில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. கோரைக்கு நடுவே நீர்ப்பரப்பில் மழைத்தூறல் போல் ஓரிடம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. உற்று நோக்கினால் செந்நிறத்தில் நூற்றுக்கணக்கான சிறு குஞ்சுகள், ஒரு பந்துபோல் திரண்டு, காற்றை உறிஞ்ச மேலெழுவதும் அமிழ்வதுமாக இருந்தன. விரால் குஞ்சுகள்! விரால் தன் குஞ்சுகளைக் கைவிடாத மீன். தாயும் தந்தையும் அவற்றின் அடியில் நின்று காவல் காக்கும். கெளுத்தியோ தவளையோ நெருங்கினால் பாய்ந்து தாக்கும்.

தூண்டிற்காரர்களுக்கு இது தெரியும். குஞ்சுப் பந்தின் ஊடே பொய்த்தவளையை இழுத்தால் காவல் மீன் தவறாது வரும். நான் சொல்ல வாயெடுக்குமுன் அவன் கை வீசிவிட்டது. கிலுகிலுப்பை குஞ்சுகளுக்கு நடுவே விழுந்து கலகலத்தது. முதல் வீச்சு, இரண்டாம் வீச்சு. மூன்றாவதில் நீர் வெடித்தது.

கரைக்கு இழுத்தான். முழங்கை நீள விரால். இத்தனை வாரங்களில் கண்ட மீன்களில் அதுவே பெரியது. அதனை உயர்த்திப் பிடித்த அவன் முகம் மலர்ந்தது. பின் அவன் கண் ஏரியை நோக்கியது. செந்நிறப் பந்து கலைந்து நாலாபுறமும் சிதறிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வேறேதோ மீன்கள் ‘டப் டப்’ என்று வாயடிக்கத் தொடங்கியிருந்தன.

“பசிக்கு வரலை மாமு இது” என்றான், தாழ்ந்த குரலில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவனே முள்ளைக் கழற்றினான். கை நடுங்கியது. இடுப்பளவு நீரில் இறங்கி, குஞ்சுகள் இருந்த இடம் வரை அதனைச் சுமந்து சென்று விட்டான். வெகுநேரம் நாங்கள் கரையில் காத்திருந்தோம். கோரையின் மறைவில் அந்தச் செந்நிறக் கொதிப்பு மீண்டும் ஒன்று சேர்வதைக் கண்டபின்பே எழுந்தோம். அல்ஹம்துலில்லாஹ்!

விடை

வாசகர்களே, கிலுகிலுப்பை பயன் தருமா என்ற கேள்விக்கு இப்போது என் விடையைச் சொல்கிறேன். தெளிந்த நீரில் அதனால் வேறுபாடு இல்லை. கலங்கிய நீரில் சிறிதளவு உண்டு. சிறு மணிகளைவிட ஒற்றைக் குண்டின் கனத்த ஒலியே மேல். பலர் வீசிப் பழகிய நீரில் அது எச்சரிக்கை மணியாகவும் மாறக்கூடும். அது தவறாமல் பலிக்கும் இடம் ஒன்றே ஒன்று: குஞ்சு காக்கும் விராலின் முன். அந்த ஓரிடத்தில்தான் அதனைக் குலுக்கவே கூடாது.

உயிர்த் தவளை இன்றியமையாதது என்ற எண்ணம் மட்டும் எங்கள் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. கிலுகிலுப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரப்பர்த் தவளைக்கே விரால் வருகிறது. பிள்ளைகள் ஜிலேபிக் கெண்டைக்குத் தூண்டில் போட விரும்பினால் மைதா மாவு உருண்டை போதும். உயிருள்ள எதையும் முள்ளில் கோத்துத் துடிக்கவிட வேண்டியதில்லை என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள்.

மேலும் இரண்டு சொல். கழிவுநீர் கலக்கும் ஏரியில் பிடித்த மீனைச் சட்டியில் ஏற்றாதீர்கள். அது ஹலாலான உணவுதான், ஆனால் தூய உணவு அன்று. அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வராதீர்கள்; கொக்கின் காலையும் நாரையின் கழுத்தையும் அது இறுக்கிவிடும்.

எங்கள் வீட்டு அலமாரியில் அந்தக் கிலுகிலுப்பைத் தவளை இன்னும் இருக்கிறது. என் தமக்கையின் மகன் இப்போதும் ஞாயிறுதோறும் ஏரிக்குப் போகிறான். பெரும்பாலும் ஊமைத் தவளையோடு. சென்ற வாரம் சுப்ஹுக்குப் பின் அவன் வண்டியில் ஒரு பை தொங்கிற்று. நான் கேளாமலே திறந்து காட்டினான். உள்ளே இரண்டு பரோட்டாவும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் நீர் செந்நிறமாய்க் கொதிப்பதைக் காண்பீர்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். காலடி ஓசை எழாமல் நடந்து செல்லுங்கள். நீருக்கடியில் ஒரு தாய் விழித்திருக்கிறாள்.